கவுன் மாட்டிய பிறகு

"என்ரோல்மென்டுக்கு அம்மா தோட்டை அடகு வச்சோம் சார். இன்னும் மீட்கல." 2023-இல் என்னிடம் ஜூனியர் வக்கீலாகச் சேர்ந்த பெண், கேஸ் கட்டுகளுக்கு நாடா போட்டுக்கொண்டே சொன்னது. என்ரோல்மென்ட் என்றால் சட்டம் படித்தவர்கள் பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்வது. பட்டியலினக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. போட்டிருந்த கவுன்கூட அக்கா முறையுள்ள ஒருவரிடம் வாங்கியது, தோள்பட்டையில் ஒட்டுத்தையல்.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண், இடஒதுக்கீடு, கவுன்சலிங் என்று உள்ளே வந்துவிடலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பதால், தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. அது தனிக் கதை. நான் பார்த்தவரை எங்கள் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது பட்டம் வாங்கியதற்கு அப்புறம்தான்.

வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24(1)(எஃப்)-படி என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். ஆனால் நூலக நிதி, அடையாள அட்டை, அது இது என்று பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வசூலித்தார்கள். ஒடிசாவில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முத்திரைத் தீர்வை தவிர, சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. ஏற்கெனவே கட்டியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டதால், என் ஜூனியரின் தோட்டுக்கு அந்தத் தீர்ப்பால் பயனில்லை. இனி என்ரோல் செய்யப்போகிறவர்கள் ரசீதில் தொகையைப் பார்த்து வாங்குங்கள். "விருப்பக் கட்டணம்" என்று எதையாவது சேர்த்தால் என்ன கணக்கு என்று கேளுங்கள்.

அடுத்தது சம்பளம். இதில் நானும் குற்றவாளிதான். ஆரம்பத்தில் வந்த ஜூனியர்களுக்கு பெட்ரோல் காசுக்கு மேல் கொடுத்ததில்லை. நானும் அப்படித்தான் தொழில் கற்றேன் என்ற திமிர். அப்பா வக்கீலாக இருக்கிற பையன் மூன்று வருஷம் வாய்தா வாங்கிக்கொண்டே காலம் தள்ளுவான். கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளை ஆறாவது மாதம் ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். அப்படி இரண்டு பேரை நானே இழந்திருக்கிறேன். இருவருமே கிராஸில், அதாவது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதில், கெட்டிக்காரர்கள்.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எங்கள் கோர்ட் வளாகத்தில் எத்தனை சீனியர்கள் தருகிறார்கள் என்று கேட்காதீர்கள். சின்ன ஊர் சீனியருக்கே அந்த வருமானம் நிற்பதில்லை என்பதும் உண்மை. அதற்காக வெறுங்கையோடு அனுப்புவது நியாயமாகிவிடாது. இப்போது நான் மாதம் ஒன்றாம் தேதி ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிடுகிறேன், கேட்கவிடாமல்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக கிரிமினல் வழக்குகளில் இலவசமாக வாதாட வக்கீல்களை அமர்த்தும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் லீகல் எய்டு டிஃபென்ஸ் கவுன்சல் திட்டத்தில், உதவி கவுன்சல் பணிக்கு மூன்று வருஷத்துக்கு உட்பட்ட அனுபவமே போதும். கிரிமினல் கேஸ், மாத மதிப்பூதியம் உண்டு. அறிவிப்பு வந்தால் மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் போடுவார்கள். என் ஜூனியர் விண்ணப்பித்திருக்கிறாள். அனுபவச் சான்றில் நேற்று சாயந்திரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.