25,000 கொடுத்தேன், 1,000தானே வருகிறது?

போன வாரம் மறுபடியும் அந்த ஃபோன். இந்த செமஸ்டரில் நான்காவது. "அப்பா பெயரில் 25,000 டாலர் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை ஒரு மாணவருக்குக்கூட ஸ்காலர்ஷிப் போகவில்லை. பணத்தை என்னதான் செய்தீர்கள்?" குரலில் கோபத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வரும் நன்கொடைகளை வாங்கி நிர்வகிக்கும் ஃபவுண்டேஷன்களில் பதினான்கு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன், திருட்டுப் பட்டம் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். பணம் அப்படியே இருந்தது. ஸ்காலர்ஷிப்பாகப் போக வேண்டிய தொகையும் இரண்டு வருடத்துக்குச் சேர்ந்து கிடந்தது. போகாததற்குக் காரணம் அவரே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு கவுன்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.8க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தக் கவுன்டியிலிருந்து சிவில் துறைக்கு வருடத்துக்கு இரண்டு பேர் வந்தாலே அதிசயம். அந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது மற்ற எல்லாம் பொருந்த வேண்டுமே!

சரி, இதை விளக்கியதும் அடுத்த கேள்வி வந்தது. எல்லோரும் கேட்பதுதான். "உங்களிடம்தான் கோடிக்கணக்கில் என்டோமென்ட் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

என்டோமென்ட் என்பது உண்டியல் இல்லை. பல்கலைக்கழகத் தலைவர் சாவியைப் போட்டுத் திறந்து, வேண்டியதை அள்ளிக்கொள்ளும் பெட்டகமும் இல்லை. முதலைத் தொடாமல், அது ஈட்டுவதில் ஒரு பகுதியை மட்டும் செலவழிக்கும்படி கட்டுப்பட்ட தனித்தனி நிதிகளின் தொகுப்பு அது. ஹார்வர்டின் என்டோமென்ட் 5,000 கோடி டாலருக்கு மேல் என்று செய்தியில் படிக்கிறோம். அது ஒரே நிதி அல்ல, 14,000க்கும் மேற்பட்ட நிதிகள். ஒன்று கண் மருத்துவ ஆராய்ச்சிக்கு, ஒன்று நூலகத்தில் புத்தகம் வாங்க, இன்னொன்று குறிப்பிட்ட ஒரு பேராசிரியர் பதவிக்கு. பெரும்பகுதி இப்படிக் கொடுத்தவர் எழுதிய நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. நூலக நிதியை எடுத்து விடுதிக்கு வெள்ளையடிக்க முடியாது. அடித்தால் மாநில அட்டர்னி ஜெனரல் கேள்வி கேட்பார், நான் வேலையை இழப்பேன். நிர்வாகக் குழு தன் இஷ்டத்துக்கு ஒதுக்கி வைத்த பணமும் கொஞ்சம் இருக்கும், அதை மட்டும் அவர்களே கலைக்கலாம். 'மொத்தம் இவ்வளவு வைத்துக்கொண்டு ஏன் கட்டணத்தை ஏற்றுகிறார்கள்' என்று கேட்பவர்கள், அந்த மொத்தத்தில் கட்டணத்தைக் குறைக்கவென்று யாராவது எழுதிக் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டால் நியாயமாக இருக்கும்.

நம்மவர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஹார்வர்டு தமிழ் இருக்கை. அதற்கு 60 லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு பேராசிரியருக்கு எதற்கு இவ்வளவு என்று அப்போது பலர் என்னிடமே கேட்டார்கள். வருடத்துக்குச் செலவழிக்க எடுப்பது 4 முதல் 5 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். வருடத்துக்குக் கையில் வருவது இரண்டே முக்கால் லட்சத்தை ஒட்டித்தான். சம்பளம், சலுகைகள், துறைச் செலவு என்று போனால் மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனால் அது என்றென்றைக்கும் வரும்.

உங்கள் 25,000க்கும் அதே கணக்குதான். கொடுத்த பணத்துக்கு, மியூச்சுவல் ஃபண்டில் கொடுப்பதுபோல, பொது முதலீட்டுத் தொகுப்பில் யூனிட் ஒதுக்குவோம். கடைசி 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பில் 4 சதவீதம் என்பதுபோல ஒரு விதி இருக்கும், சதவீதம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆக வருடத்துக்கு 1,000 டாலர். "மீதி 24,000 எங்கே?" என்று ஒரு அம்மா என்னிடம் அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். எங்கேயும் போகவில்லை அம்மா, அதுதான் அந்த ஆயிரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலீட்டில் 7, 8 சதவீதம் வந்தால் அதையெல்லாம் ஏன் கொடுப்பதில்லை என்றால், விலைவாசி ஏறுகிறது. ஐம்பது வருடம் கழித்தும் அந்த உதவித்தொகைக்கு ஏதாவது மதிப்பு இருக்க வேண்டுமே. சராசரி எடுப்பதும் காரணமாகத்தான், ஒரு வருடம் சந்தை விழுந்தால் உதவித்தொகையும் சட்டென்று விழுந்துவிடக் கூடாது. 2008–09 நிதியாண்டில் ஹார்வர்டின் முதலீடுகள் 27 சதவீதம் விழுந்தன. பணத்தில் பெரும்பங்கு சட்டென்று விற்க முடியாத முதலீடுகளில் மாட்டிக்கொண்டிருந்ததால் 250 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கினார்கள். அவர்களுக்கே அந்தக் கதி. அந்த வருடம் புதிதாக வந்திருந்த நிதிகள் பல, கொடுத்த தொகைக்கும் கீழே போயின. எங்கள் பாஷையில் 'தண்ணீருக்கடியில்' போன நிதி. அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று குழு யோசித்துத்தான் முடிவெடுக்கும்.

பணம் வரும் வழிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மாணவர்கள் வருடாவருடம் அனுப்பும் சிறு தொகைகள், பங்குகள், உயில், ஊழியர் கொடுப்பதற்கு ஈடாக அவர்கள் நிறுவனங்கள் தரும் இணைத்தொகை. ஒன்று மட்டும். 'நிதி திரட்டும் இயக்கத்தில் இத்தனை கோடி சேர்ந்தது' என்று விழா எடுத்தால் அத்தனையும் வங்கியில் இருப்பதாக நினைக்காதீர்கள். ஐந்து வருடத்தில் தருகிறேன் என்ற வாக்குறுதியும், இன்னும் உயிரோடிருப்பவர் எழுதிய உயிலும் அதில் சேர்த்தி. கைதட்டும்போது நாங்கள் கணக்குப்பிரிவினர் கொஞ்சம் மெதுவாகத்தான் தட்டுவோம்.

கொடுக்கப் போகிறவர்களே, தயவுசெய்து கையெழுத்திடும் முன் நிதி உதவி அலுவலகத்தில் கேளுங்கள்: 'இந்த நிபந்தனைகளுக்குப் போன வருடம் எத்தனை மாணவர்கள் தகுதி பெற்றிருப்பார்கள்?' பத்துக்குக் கீழே பதில் வந்தால் ஒரு நிபந்தனையை எடுத்துவிடுங்கள். 'வேண்டும்' என்று எழுதாமல் 'முன்னுரிமை' என்று எழுதுங்கள், அந்த ஒரு சொல்லே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். நோக்கம் நடைமுறைக்கு ஒவ்வாமல் போனால் அதை ஒட்டிய வேறு நோக்கத்துக்கு மாற்றலாம் என்ற வரியும் இருக்கட்டும். துறைகள் மூடப்படும், பெயர் மாறும். பெரிய இடங்களிலும் இது வெடித்திருக்கிறது. 1961இல் ராபர்ட்சன் குடும்பம், அரசுப் பணிக்கு மாணவர்களைத் தயார்செய்ய என்று பிரின்ஸ்டனுக்கு மூன்றரைக் கோடி டாலர் கொடுத்தது. பணம் வேறு காரியங்களுக்குப் போகிறது என்று 2002இல் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 2008இல் சமரசம் ஆவதற்குள் வக்கீல் செலவு மட்டும் கோடிக்கணக்கில் போனது.

ஏறிய பங்கை விற்றுவிட்டுப் பணமாகக் கொண்டுவராதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை நேராக மாற்றிக் கொடுத்தால் மூலதன ஆதாய வரி இல்லை. இதை எத்தனை டாக்டர்களிடமும் எஞ்சினியர்களிடமும் சொல்லியாயிற்று, இன்னும் காசோலையோடுதான் வந்து நிற்கிறார்கள்! நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று வெட்கப்படாமல் கேளுங்கள், ஃபவுண்டேஷன் வருடாவருடம் வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்கான படிவம் 990ஐ வாங்கிப் பாருங்கள், அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். அடுத்த வருடமே பிள்ளைகள் கையில் பணம் போக வேண்டும் என்றால் என்டோமென்ட் வேண்டாம். 'உடனே செலவிடும் நன்கொடை' என்று எழுதிக் கொடுங்கள். 25,000த்தை ஐந்து பேருக்கு ஐயாயிரமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பெயர் நிலைத்திருக்காது, அவ்வளவுதான்.

போன வாரம் பேசியவர் அப்புறம் மெயில் அனுப்பினார். கவுன்டியை முன்னுரிமையாக மாற்றச் சம்மதம், ஜிபிஏ 3.0 போதும், முதல் பட்டதாரி என்பது மட்டும் அப்படியே இருக்கட்டும், அப்பா அப்படித்தான் படித்தார் என்று எழுதியிருந்தார். திருத்த ஒப்பந்தம் கையெழுத்துக்குப் போயிருக்கிறது. சேர்ந்து கிடக்கும் தொகையோடு இந்த இலையுதிர் காலத்தில் இரண்டு பேருக்குக் கொடுக்கலாம்.