மூடுபனியும் பிளாஸ்மாவும்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட் இருந்த மூலையில் இப்போது பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டிதான் இருக்கிறது. ராடு வெல்டிங், டிக் (டங்ஸ்டன் ஊசியால் செய்யும் வெல்டிங்), மிக் (தானாக ஓடிவரும் கம்பியால் செய்யும் வெல்டிங்), அதோடு பிளாஸ்மா கட்டிங்கும் ஒரே பெட்டியில். வண்டி போகாத சரிவில் எஸ்டேட் கேட்டைக் காட்டெருமை முட்டிச் சாய்த்துவிட்டால், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். தேயிலை ஆலையில் டிரையரின் ஸ்டெயின்லெஸ் தகட்டை வெட்டுவதும் அதன்மேல் புதுத் தகட்டை ஒட்டுவதும் ஒரே இயந்திரத்தில் முடிகிறது. ஆனால் இந்தப் பெட்டிகளோடு வரும் கையேடு சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. மலையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். அது எந்தெந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரிந்தால் பராமரிப்பில் முக்கால்வாசி முடிந்தது.

முதலில், பெட்டி எப்படி இவ்வளவு சிறிதானது? டிரான்ஸ்ஃபார்மருக்கு எவ்வளவு இரும்பும் செம்பும் வேண்டும் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அதற்குப் பெரிய இரும்புக்கட்டி தேவை. இன்வெர்ட்டர் இயந்திரம் 230 வோல்ட்டை முதலில் 320 வோல்ட் அளவிலான நேர்மின்சாரமாக்கி, ஐஜிபிடி என்ற மின்னணு சுவிட்சுகளால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவிட்டு, அப்புறம்தான் டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்புகிறது. அந்த வேகத்தில் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும்.

ஒரே பெட்டி இத்தனை வேலை செய்வது, மின்சாரத்தை எந்த விதத்தில் தருகிறது என்பதால். ராடு வெல்டிங்கில் கை கொஞ்சம் ஆடும். ராடுக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியான ஆர்க்கின் நீளம் கூடிக் குறையும், வோல்ட்டும் அதோடு மாறும். பெட்டி ஆம்பியரை மட்டும் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. டிக்கும் அப்படித்தான். மிக் வெல்டிங்கில் கம்பி தானாக ஓடி வருவதால் கணக்கு தலைகீழ். அங்கே வோல்ட்தான் நிலையாக இருக்க வேண்டும். ஆர்க் குறுகினால் ஆம்பியர் ஏறும், கம்பி வேகமாக உருகும், நீளம் பழைய அளவுக்கே வந்துவிடும். யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. வெல்டிங் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இதுதான்.

பிளாஸ்மாவுக்கு இன்னொரு விதம். 160 ஆம்பியரில் ராடு எரியும்போது ஆர்க்கில் 26 வோல்ட்தான் இருக்கும். 40 ஆம்பியர் பிளாஸ்மாவில் அது 100 வோல்ட்டை நெருங்கும். ஆர்க் பிடிப்பதற்கு முன் டார்ச்சில் 250 வோல்ட்டுக்கு மேலும் நிற்கும். டார்ச்சுக்குள் செம்பு எலக்ட்ரோடு, அதைச் சுற்றிக் காற்றைச் சுழலவைக்கும் வளையம், வெளியே ஊசித்துளை போட்ட செம்பு நாசில். சுழன்று வரும் காற்று ஆர்க்கில் சூடாகி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மின்சாரம் கடத்தும் பிளாஸ்மாவாகிறது. அந்தச் சின்னத் துளையில் நெருக்கப்படும்போது வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது. இரும்பு உருகுகிறது, காற்றின் வேகம் உருகியதைக் கீழே ஊதித் தள்ளுகிறது. ஸ்டெயின்லெஸ்ஸை கேஸ் கட்டிங்கில் வெட்ட முடியாது. பிளாஸ்மா வெட்டிவிடும். தேயிலை ஆலைகளுக்கு இது பெரிய வரம்.

தண்ணீர் நுழையும் முதல் வாசல் இந்தக் காற்றுதான். குன்னூரில் மூடுபனி இறங்கிய நாளில், 18 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவி இருக்கும். அந்த வெப்பத்தில் அதற்குமேல் தாங்காது. அந்த உயரத்தில் கம்ப்ரசர் அதை 7 பார் வரை அழுத்தும்போது ஏறக்குறைய ஒன்பது கன மீட்டர் காற்று ஒன்றாகச் சுருங்குகிறது. ஒன்பது பங்கு நீராவியும் அதில் வந்து சேர்கிறது, ஆனால் ஆறியபின் அந்த ஒரு கன மீட்டர் தாங்குவது அதே 15 கிராம்தான். மீதி நூறு கிராமுக்கு மேல், ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தது போல, தண்ணீராக விழுகிறது. 40 ஆம்பியர் டார்ச் நிமிடத்துக்கு 150 லிட்டர் காற்று குடிக்கும் என்று வைத்தால், ஒரு மணி நேர வெட்டுக்கு ஒரு டம்ளர் அளவு தண்ணீர். மாலையில் டேங்கின் அடித்திருகைத் திறந்து பாருங்கள். துருநிறத் தண்ணீர் முதலில் சீறும், பிறகு சொட்டும், கடைசியில்தான் காற்று வரும். காற்று மட்டும் வரும்வரை மூடக்கூடாது.

பலர் வாட்டர் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கிறது. நீர் ஆவியாகவே இருப்பதால் ஃபில்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, டார்ச்சுக்குள் துளியாகிறது. நீளமான ஹோஸில் ஆறவிட்டு, வெல்டிங் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபில்டரை மாட்டுவதே சரி. அதற்குப் பின்னால் சிலிக்கா ஜெல் குடுவை ஒன்றும் வைத்தால் நல்லது. நிறம் மாறிய ஜெல்லை மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.

துளி டார்ச்சுக்குள் போனால் என்ன ஆகும்? எலக்ட்ரோடைக் கழற்றி நுனியைப் பாருங்கள். செம்பின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அது ஹாஃப்னியம். டிக்கில் பயன்படும் டங்ஸ்டன் ஆர்கான் வாயுவுக்குள் பாதுகாப்பாக இருக்கும், காற்றில் எரிந்துபோகும். ஹாஃப்னியத்தின் மேல் படியும் ஆக்சைடோ அந்தச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கிறது. ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் அதில் துளியளவு கரையும். ஈரக்காற்று இந்தக் கரைதலை விரைவாக்கும், நாசில் துளையையும் நீள்வட்டமாக அரிக்கும். வெட்டு ஒரு பக்கம் சாய்வதும், அடியில் கசடு ஒட்டுவதும் அதன் அடையாளம். புள்ளியில் குழி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தைத் தொட்டால் எலக்ட்ரோடை மாற்றிவிடுங்கள். நாசிலையும் கூடவே மாற்றுவது நல்லது. தேய்ந்த ஒன்று புதிய மற்றொன்றைச் சீக்கிரம் தின்றுவிடும். வெட்டி முடிந்ததும் சில நொடி காற்று ஓடுமே, அது டார்ச் ஆறுவதற்காக. அதற்குள் மெயினை அணைக்காதீர்கள்.

இரண்டாவது வாசல் ராடு. 7018 என்ற லோ ஹைட்ரஜன் ராட்டின் பூச்சு ஈரம் குடித்திருந்தால், ஆர்க்கில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைகிறது. ஆறும்போது வெளியேற வழியில்லாமல் வெல்டுக்குப் பக்கத்தில் இறுகிய பகுதியில் சேர்கிறது. வெல்டு பார்க்க அழகாக இருக்கும், சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து விரிசல் விடும். கார்பன் கூடிய, தடித்த ஷாஃப்ட்களில் இது நிச்சயமான ஆபத்து. பிரித்த பெட்டி ராடை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வாட்டித்தான் இந்த வேலைக்கு எடுக்க வேண்டும், சரியான அளவு அட்டையிலேயே இருக்கும். சாதாரண வேலைக்கான 6013 ராடை அப்படி வறுத்தால் கெட்டுவிடும், 100 டிகிரி பக்கம் போதும். பல்பு எரியும் மூடிய பெட்டி, உலர்ந்த ராடை உலர்வாகவே வைக்க உதவும். நனைந்ததை மீட்காது.

மூன்றாவது வாசல் மின்விசிறி. கிரைண்டர் தூள் இரும்பு, மின்சாரம் கடத்தும். அது போர்டில் படிந்து, மேலே பனி ஈரமும் சேர்ந்தால் ஐஜிபிடி வெடிக்கும். ஊட்டியில் ஜனவரி உறைபனி இரவு முழுக்கக் குளிர்ந்த பெட்டியை, காலையில் வெப்பமான ஈரக்காற்று பட்டதும் ஆன் செய்யாதீர்கள். உள்ளே வியர்த்திருக்கும். அறையின் வெப்பத்துக்கு வரட்டும். தூள் ஊதுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும், கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். ஊதும் காற்றும் உலர்ந்ததாக, மெதுவாக இருக்கட்டும்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். வெல்டிங் இயந்திரங்களுக்கான ஐஇசி 60974 தரம் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் பேசுகிறது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான், விசிறி எடுத்துச்செல்லும் சூடும் குறைகிறது. குளிர் இதை ஓரளவு ஈடுசெய்யும். இருந்தாலும் பெட்டியில் டியூட்டி சைக்கிள் (தொடர்ந்து ஓட்டக்கூடிய நேரம்) 60 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் என்பதை இங்கே ஐந்தாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கம்ப்ரசரும் மெல்லிய காற்றைத்தான் இழுக்கிறது. ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

மிக் வெல்டிங்குக்குக் கோத்தகிரிக் காற்று எதிரி, உருகிய வெல்டை மூடிக் காக்கும் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். வெளிவேலைக்கு, உள்ளே காப்புத்தூள் அடைத்த ஃப்ளக்ஸ் கம்பியே மேல். கேஸ் தேவையில்லாத அந்தக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவ்வில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் ரெகுலேட்டர் குளிரில் உறைந்து அடைபடும். ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர் மலையில் அவசியம்.

160 ஆம்பியரில் ஆர்க் மட்டுமே நாலு கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும், சுருட்டி வைத்த மெல்லிய எக்ஸ்டென்ஷனும் இதைத் தாங்காது. வயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள்.

பனியில் கையுறை நனைந்தால் மாற்றுங்கள். பிளாஸ்மா டார்ச்சின் மூடிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மூடி கழன்றால் மின்சாரம் வராமல் தடுப்பது அதுதான். ஈரத்தில் அது மக்கர் செய்கிறது என்று ஷார்ட் செய்து ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன். அப்படி ஓட்டினால் கழற்றிய எலக்ட்ரோடில் 250 வோல்ட் காத்திருக்கும், காலுக்குக் கீழே மண் நனைந்திருக்கும். சுவிட்சைச் சுத்தம் செய்யுங்கள், கெட்டிருந்தால் புதிதாக மாற்றுங்கள். நாசில் கழற்றும் முன் ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்துவிடுங்கள்.