ஒன்லைனில் வாங்கும் சாமானுக்கு 'வற்' கேட்கிறார்களா? முதலில் இலக்கத்தைக் கேளுங்கள்

உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் பேஸ்புக்கில் பார்த்து ஒரு பிளெண்டர் ஓடர் பண்ணினார். அங்கே போட்டிருந்த விலை 13,500 ரூபாய். கேற்றடியில் கூரியர் பையன் நீட்டிய பில்லில் 15,930 என்று இருந்தது. இடையில் பேனையால் எழுதிய ஒரு வரி: 'வற் 18%, 2,430'. கடையின் பெயர் மேலே பெரிதாக அச்சாகியிருந்தது. வரி இலக்கம் எங்கேயும் இல்லை. ஆளை வெயிலில் நிற்க வைத்துக் கணக்குப் பார்க்க மனம் வராமல் காசைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பில்லோடு என்னிடம் வந்தார். "ஒன்லைன்ல வாங்கினா வற் கட்டத்தானே வேணும், தம்பி?"

இந்தக் கேள்வியைத் திருகோணமலையில் பலர் கேட்கிறார்கள். ஒன்லைனுக்கென்று தனி விற்பனை வரி இலங்கையில் கிடையாது. வற் எனப்படும் பெறுமதிசேர் வரி 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அறவிடப்படுகிறது. 2024 ஜனவரி 1 முதல் அதன் பொது விகிதம் 18%. மத்திய வீதிக் கடையில் வாங்கினாலும், போனில் வாங்கினாலும் சட்டம் ஒன்றுதான். விற்கிறவர் வற் வரிக்குப் பதிவு செய்தவரா என்பதே கேள்வி. பதிவு செய்யாதவர் வற் என்று சொல்லி ஒரு சதம்கூட வாங்கக் கூடாது.

பதிவு யாருக்குக் கட்டாயம்? 2024 ஜனவரியிலிருந்து இருந்த எல்லை, ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாய் அல்லது மூன்று மாதத்துக்கு 15 மில்லியன் ரூபாய் விற்பனை. மாதக் கணக்கில் பார்த்தால் 50 லட்சம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் இதை ஆண்டுக்கு 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். அப்படிப் பார்த்தாலும் மாதம் 30 லட்சம் வருகிறது. வீட்டிலிருந்து சட்டையும் கைப்பையும் விற்கும் பேஸ்புக், வட்ஸ்அப் கடைகளில் பெரும்பாலானவை இதற்குக் கிட்டவும் வராது. ஆனால் எல்லைக்குக் கீழே உள்ளவரும் விரும்பினால் பதியலாம். ஆகவே கடை சின்னது என்பதற்காகப் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். இலக்கத்தைக் கேளுங்கள், போதும்.

வற் பதிவு இலக்கம் ஒன்பது இலக்க வரி அடையாள இலக்கமும், அதன் பின்னால் 7000 என்ற நான்கு எண்களும் சேர்ந்தது. வரி வாங்கும் பில்லில் அது இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். டராஸ் போன்ற தளங்களில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே பல சாமான்களை விற்கிறவர் தளம் அல்ல, தளத்தில் கடை போட்டிருக்கும் வேறொரு வியாபாரி. பதிவு இருக்க வேண்டியது அவருக்கு.

"நான் புறக்கோட்டையில் வற் கட்டித்தான் எடுத்தேன், அதைத்தானே கேட்கிறேன்" என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். அவர் கட்டியது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது அவருடைய கொள்விலையில் சேர்ந்துவிட்டது, 13,500க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இன்னொரு 18% வைத்தால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகாது, அவர் பைக்குள்தான் போகும். இது எனக்குக் கோபம் வருகிற இடம். வரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் மறுபேச்சில்லாமல் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அக்காவின் பிளெண்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பக்கவாட்டில் ஸ்டிக்கர், உச்ச சில்லறை விலை 14,500. அந்த விலைக்குள் வரியும் அடங்கும். அதற்கு மேல் விற்பதே குற்றம், விற்கிறவர் பதிவு செய்தவராக இருந்தாலும் சரி. அதற்கு முறையிட வேண்டிய இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. அக்கா பில்லையும் ஸ்டிக்கரையும் படம் பிடித்து அந்தக் கடைக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி, 'உங்கட வற் இலக்கம் என்ன?' என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளில் 2,430 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. பெட்டியை எறிந்திருந்தால் ஸ்டிக்கரும் போயிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்கும் பார்சல் வேறு கதை. அங்கே வரி கேட்பது சுங்கம், கட்டுவது நீங்கள். விற்றவர் பதிவு செய்தவரா என்ற கேள்வி எழாது. பலர் குழம்புவது கணக்கில்தான். சாமான் விலையும் அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வையுங்கள். அந்த வகைச் சாமானுக்கு இறக்குமதித் தீர்வை 20%, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி 10% என்றால், 2,000மும் 1,000மும் வரும். வற் கணக்கிடும்போது 10,000த்தோடு அதன் பத்து வீதத்தையும் கூட்டி 11,000 ஆக்கி, அதோடு அந்த 3,000த்தையும் சேர்க்கிறார்கள். 14,000த்துக்கு 18% என்றால் 2,520. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5% இன்னும் தனி. 1,800 என்று நினைத்திருந்த ஆளுக்கு இது பேரிடிதான், ஆனால் ஏமாற்று அல்ல. தீர்வை விகிதம் சாமானுக்குச் சாமான் மாறும். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். கூரியர்காரரின் சேவைக் கட்டணமும் வரியும் ஒரே தொகையாக எழுதப்பட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

படம் பார்க்கும் சந்தா, கிளவுட் சேமிப்பு, செயலிகள், விளம்பரம் போன்றவற்றை வெளிநாட்டுக் கொம்பனிகள் இணையத்தில் விற்பதையும் 2025இல் வந்த வற் திருத்தச் சட்டம் வரிக்குள் கொண்டுவந்தது. முதலில் 2025 ஒக்டோபர் 1 என்று நாள் குறித்து, பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளிவைத்தார்கள். இந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்ட வேண்டியது அந்தக் கொம்பனி. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விருந்தினர் விடுதி நடத்தி, பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர்கள் தங்கள் விளம்பர பில்லில் வற் என்று தனித் தொகை இருக்கிறதா என்று பார்த்துச் செலவுக் கணக்கைப் போட வேண்டும்.

கடைசியாக, பார்சலின் பெயரில் வரும் குறுஞ்செய்தி. 'உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று ஒரு லிங்க் வரும். அதை அழுத்தினால் தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறந்து கார்ட் இலக்கம் கேட்கும். கேட்கிற தொகை சின்னதாக இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். லிங்கில் கார்ட் விவரம் கேட்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று தபால் திணைக்களம் எச்சரித்திருக்கிறது. உண்மையில் பார்சல் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் தபால் கந்தோருக்கு நேரே போய்க் கேளுங்கள். கார்ட் இலக்கத்தையும் போனுக்கு வந்த ஓடிபியையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மற்றதெல்லாம் பிறகு. முதல் அழைப்பு வங்கிக்கு, கார்டை நிறுத்தச் சொல்லி. இரண்டாவது 101க்கு, அது இணைய மோசடிகளை முறையிடும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம். அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வையுங்கள், பொலிஸில் முறையிடும்போது கேட்பார்கள்.