எலக்ட்ரோலைட்: மின்பகுபொருளா, தாது உப்பா?

உடற்பயிற்சி செய்பவர்களிடம் இன்று அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்று எலக்ட்ரோலைட். ‘ஓடி முடித்ததும் எலக்ட்ரோலைட் குடி’, ‘உடம்பில் எலக்ட்ரோலைட் இறங்கிவிட்டது’ என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். அது என்ன என்று கேட்டால், ஏதோ ஒரு சத்து, தெம்பு தரும் பொடி என்ற அளவில்தான் பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் எலக்ட்ரோலைட் தெம்பு தருவதில்லை. உப்புகளில் கலோரியே கிடையாது. பானத்தைக் குடித்ததும் உற்சாகம் வருகிறது என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் அதில் கலந்த சர்க்கரையோ காஃபீனோதான்.

நீரில் கரைந்ததும் மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரியும் பொருளுக்கு எலக்ட்ரோலைட் என்று பெயர். வேதியியலில் அமிலம், காரம், உப்பு மூன்றுக்கும் இது பொருந்தும். உடல்நலம் பற்றிப் பேசும்போது சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், பாஸ்பேட் ஆகியவற்றைக் குறிக்கிறது.

இந்தச் சொல் பிறந்தது உடற்பயிற்சிக் கூடத்திலும் இல்லை, மருத்துவமனையிலும் இல்லை. லண்டனில் மைக்கேல் ஃபாரடே கரைசல்களுக்குள்ளும் உருகிய உப்புகளுக்குள்ளும் மின்சாரத்தைச் செலுத்தி, அவை எப்படிச் சிதைகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பார்த்ததைச் சொல்ல அவரிடம் சொற்கள் இல்லை. கிரேக்கம் அறிந்த நண்பர்களிடம் யோசனை கேட்டார். கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் அவர்களில் முக்கியமானவர். அப்படித்தான் ஆனோடு (நேர்மின்முனை), கேத்தோடு (எதிர்மின்முனை), அயான், எலக்ட்ரோலைட் என்ற சொற்களெல்லாம் 1834இல் ஃபாரடேயின் கட்டுரையில் அச்சேறின.

எலக்ட்ரோலைட்டின் முதல் பாதி ‘எலக்ட்ரான்’. பழைய கிரேக்கத்தில் இதற்கு அம்பர் என்று பொருள். பழங்கால மரங்களின் பிசின் கெட்டிப்பட்டு உருவான பொருள் அது. துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அந்த இழுப்பை ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் அம்பரின் பெயரிலிருந்து ஒரு லத்தீன் சொல்லை அமைத்தார். மின்சாரத்துக்கான ஐரோப்பியச் சொற்கள் அதன் வழியில் வந்தவை. இரண்டாம் பாதிக்கு ‘அவிழ்க்கப்பட்டது’, ‘கட்டு விடுபட்டது’ என்று பொருள். ஆக, மின்சாரத்தால் கட்டவிழ்வது எலக்ட்ரோலைட்.

அயான் என்பதற்குச் ‘செல்வது’ என்று பொருள். கரைசலுக்குள் ஏதாவது ஒரு முனையை நோக்கிச் செல்வதால் அந்தப் பெயர். ஒலியைத் தழுவித் தமிழில் அயனி ஆகிவிட்டது. நமக்குப் பழகிய உத்தராயணத்தில் உள்ள ‘அயனம்’ என்ற வடசொல்லுக்கும் செல்கை என்றே பொருள். கிரேக்கச் சொல்லும் அந்த வடசொல்லும் வெகுதொலைவில் ஒரே வேரில் சேருபவை. கடன் வாங்கிய சொல் என்றாலும் அயனி தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, மின்சாரம்தான் உப்பைப் பிரிக்கிறதா? ஃபாரடே அப்படித்தான் எண்ணினார். சுவீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அரேனியஸ் 1884இல் தன் முனைவர் பட்ட ஆய்வை அளித்து, அடுத்து வந்த ஆண்டுகளில் அதைத் தெளிவாக்கியபோது படம் மாறியது. உப்பு தண்ணீரில் கரையும்போதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் பாய வேண்டிய அவசியமே இல்லை என்றார் அவர். ஆய்வுக்குக் குறைந்த தரமே கிடைத்தது. அதே கருத்துக்காக 1903இல் நோபல் பரிசு வந்தது. பிரிப்பது தண்ணீர். பிரிந்தவை மின்னோட்டத்தைக் கடத்துகின்றன, அவ்வளவுதான். பெயர் மட்டும் பழைய எண்ணத்தைச் சுமந்தபடி நிலைத்துவிட்டது.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வேதியியல் பாடநூல்களில் மின்பகுளி, மின்பகுபொருள் என்ற இரண்டும் வழங்குகின்றன. ‘மின்’ என்பது ஒளிர்தலையும் மின்னலையும் குறிக்கும் வேர். கிரேக்க வழியினர் தேய்த்த பிசினிலிருந்து மின்சாரத்துக்குப் பெயர் எடுத்தார்கள், தமிழ் வானத்து மின்னலிலிருந்து எடுத்தது. ‘பகு’ என்பது இலக்கண வகுப்பில் படித்த பகுபதத்தில் வரும் அதே பகு.

எனக்கு இரண்டில் மின்பகுபொருள்தான் பிடிக்கும். அதற்கு ஓர் இலக்கணக் காரணம் உண்டு. ‘பகுபொருள்’ என்பது ஊறுகாய் போல வினைத்தொகை. பகுந்த பொருள், பகுகின்ற பொருள், பகும் பொருள் என்று முக்காலத்தையும் உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. மின்சாரம் வந்த பிறகு பகும் என்று ஃபாரடே நினைத்ததும், கரையும்போதே பகுந்துவிட்டது என்று அரேனியஸ் காட்டியதும் இந்த ஒரு தொகைக்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் ஓடிக் களைத்து நிற்பவரிடம் ‘கொஞ்சம் மின்பகுபொருள் குடியுங்கள்’ என்று சொல்ல முடியாது. வேதியியலுக்குச் சரியான அந்தச் சொல், உடல்நலப் பேச்சில் எதையும் விளக்குவதில்லை. அங்கே ‘தாது உப்புகள்’ என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். கேட்ட உடனே பொருள் புரிகிறது. சத்து, ஆற்றல் என்ற மயக்கமும் வராது. ‘உப்பு’ என்று சொன்னாலே அளவு பற்றிய எச்சரிக்கையும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘சீரம் எலக்ட்ரோலைட்’ என்று இருப்பதை ‘ரத்தத்திலுள்ள தாது உப்புகளின் அளவு’ என்றாலே போதும்.

இந்த உப்புகள் உடலுக்குள் என்ன செய்கின்றன என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்ல வேண்டும். 1880களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தார். இதயம் நெடுநேரம் நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) செய்ததல்ல, குழாய்த் தண்ணீரில் செய்தது. தூய வாலைவடிநீரில் செய்து பார்த்தால் துடிப்பு சீக்கிரமே ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். இன்றும் மருத்துவமனைகளில் ஏற்றும் ‘ரிங்கர் லாக்டேட்’ பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான்.

தசை சுருங்க கால்சியம் வேண்டும். நரம்பில் செய்தி ஓட சோடியமும் பொட்டாசியமும் வேண்டும். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஒரு புரதம் ஓயாமல் இயங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வேலைக்கே போகிறது. உப்புகள் நமக்கு ஆற்றல் தருவதில்லை என்பது மட்டுமல்ல, அவற்றை இடம் பிரித்து வைக்கவே உடல் ஆற்றலைச் செலவழிக்கிறது.

வியர்வைக்கு வருவோம். வியர்வை உப்புக் கரிக்கும், ஆனால் ரத்தத்தைவிட உப்பு குறைந்த நீர் அது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் அலகு). வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறும், பலருக்கு 20க்கும் 80க்கும் இடையில் இருக்கும். அதாவது வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் இழக்கிறோம். வியர்வையில் பொட்டாசியம் இன்னும் சொற்பம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடை, ஓட்டம், பளு தூக்கல் போன்றவற்றுக்குத் தாகத்துக்குத் தண்ணீரும், அப்புறம் வழக்கமான உணவும் போதும். பழம், காய், கிழங்கு, பருப்பு, பால் என்று சாப்பிடுபவருக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் தட்டிலேயே வந்துவிடும். பல மணி நேரம் வெயிலில் ஓடுபவர்கள், வியர்வை காய்ந்ததும் துணியில் வெள்ளைப் படிவு தெரியும் அளவுக்கு உப்பு இழப்பவர்கள் ஆகியோருக்குத்தான் சோடியம் கலந்த பானத்தில் பயன் உண்டு.

அவர்களுக்கும்கூடப் பெரிய ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. இழந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பதுதான் அது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135க்கோ அதற்கும் கீழோ இருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. விளையாட்டுப் பானங்களும் தண்ணீர்தான். அவற்றில் உள்ள சோடியம் ரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. அளவு மீறினால் அவையும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். தலைவலி, குமட்டல், கை வீக்கம், குழப்பம் தோன்றினால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் சுமார் 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

தசைப்பிடிப்பு வந்ததும் ‘உப்பு குறைந்துவிட்டது’ என்பது அடிக்கடி கேட்பது. களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கட்டுப்பாடு குலைவதால் வரும் பிடிப்பே பயிற்சியின்போது அதிகம். தசையை மெதுவாக நீட்டிப் பிடித்தால் நொடிகளில் தளர்கிறது. குடித்த உப்பு அவ்வளவு வேகத்தில் தசையை எட்டாது.

சிறுநீரக நோய், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் இந்தப் பொடிகளை மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். வாங்கும்போது உறையில் எழுதிய பெயரை விட்டுவிட்டு, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் சோடியம், எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம், எவ்வளவு சர்க்கரை என்ற மூன்றையும் படியுங்கள்.