‘பெண்களுக்கு மட்டும்’ என்ற பலகை: பிரித்தானியச் சமத்துவச் சட்டம் சொல்வது என்ன?

நகரசபை நீச்சல் குளங்கள் பலவற்றில் வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். ஆண்கள் இருக்கும் நேரத்தில் தண்ணீரில் இறங்கக் கூசும் நம் அம்மாக்கள் பலர் அந்த ஒரு மாலைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பார்கள். அதே கட்டடத்தில், எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற அச்சத்தில், வீடு போய்ச் சேரும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் திருநங்கை ஒருவரும் இருக்கக்கூடும். இந்த இருவருக்கும் சட்டம் என்ன உரிமை தருகிறது என்பதை அறியாமலேயே பொதுவெளியில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருப்பதால், சட்டத்தில் உள்ளதை உள்ளபடி இங்கே விளக்க விரும்புகிறேன்.

அடிப்படைச் சட்டம் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும்; வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கப்படும் ஒன்பது தன்மைகளை இச்சட்டம் வரையறுக்கிறது. அவற்றில் ‘பால்’ ஒன்று, ‘பால்மாற்றம்’ இன்னொன்று. ஒருவர் பால்மாற்றத்துக்கான பாதையில் செல்ல எண்ணியிருந்தாலே, அறுவைச் சிகிச்சையோ சான்றிதழோ இல்லாவிட்டாலும், 7ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்கு உண்டு.

இதற்கு முன்பே, 2004ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம் வந்திருந்தது. பதினெட்டு வயது நிறைந்து, மருத்துவச் சான்றும், புதிய பாலினத்தில் இரண்டாண்டு வாழ்ந்துகாட்டிய ஆதாரமும் அளிப்பவருக்கு அங்கீகாரச் சான்றிதழ் வழங்கப்படும். அதன்பின் அவர் ‘எல்லா நோக்கங்களுக்கும்’ புதிய பாலினத்தவர் என்று அச்சட்டம் கூறியது. ஆனால் வேறு சட்டங்களுக்காக விதிவிலக்கு வைக்கவும் அதுவே இடம் தந்தது. சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

பொது அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பாதி இடங்கள் பெண்களுக்குச் செல்ல வேண்டும் என்ற இலக்குடன் ஸ்காட்லாந்து 2018இல் ஒரு சட்டம் இயற்றியபோது, சான்றிதழ் பெற்ற திருநங்கை அந்தக் கணக்கில் பெண்ணாகச் சேர்வாரா என்ற கேள்வி எழுந்தது. ‘ஃபார் விமென் ஸ்காட்லாந்து’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 16 அன்று, பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’, ‘ஆண்’, ‘பால்’ என்ற சொற்கள் உடலியல் அடிப்படையிலான பாலையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது. ஒரு தரப்பின் தோல்வியில் மறுதரப்பு கண்ட வெற்றியாக இதை வாசிக்கக் கூடாது என்று, தீர்ப்பை அறிவித்த ஹாட்ஜ் பிரபு அன்றே எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குக் காதுகொடுத்தவர்கள் குறைவு என்பதே என் வருத்தம்.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். பெண்களுக்கு மட்டும் ஒரு சேவையை நடத்த, சட்டத்தின் 3ஆம் அட்டவணை சில நிபந்தனைகளுடன் அனுமதி தருகிறது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இடமாக இருந்து, எதிர்ப்பாலினர் அங்கே இருப்பதை ஒரு பெண் நியாயமாகவே ஆட்சேபிக்கக்கூடும் என்ற நிலை அவற்றுள் ஒன்று. உடைமாற்றும் அறையும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான குழு ஆலோசனையும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள். அதற்கு மேல், அந்தக் கட்டுப்பாடு ஏற்கத்தக்க நோக்கம் ஒன்றுக்காக, தேவையான அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். எனவே ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது. பெண்களின் அந்தரங்கம், கண்ணியம், பாதுகாப்பு ஆகியவை காரணமாகும். அதேபோல், திருநங்கைகளையும் சேர்த்து நடத்தப்படும் நிகழ்ச்சியை, தீர்ப்புக்குப் பின், இந்த விதிவிலக்கின் கீழ் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று நடத்த இயலாது. ஊர்ச் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் பெண்களுக்கான வகுப்புகளை நடத்தும்போது இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சட்டப்படி பெண்ணாகக் கருதப்படும் ஒரு திருநம்பி, கருவுற்றால் அதற்குரிய பாதுகாப்பைப் பெறுவார். ஆயினும், தாடியும் கனத்த குரலுமாக அவர் உள்ளே வரும்போது மற்றப் பெண்கள் ஆட்சேபிப்பது நியாயமாக இருந்தால், பெண்கள் இடத்திலிருந்தும் அவரை விலக்கலாம் என்று நீதிமன்றம் கூறியுள்ளது.

தீர்ப்பு பறிக்காத உரிமைகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநங்கை என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுப்பதும், கடையிலிருந்து வெளியேற்றுவதும், இழிசொல்லால் துன்புறுத்துவதும் முன்பு போலவே சட்டவிரோதம். பிறர் தன்னைப் பெண் என்று கருதியதால் குறைந்த சம்பளமோ சீண்டலோ நேர்ந்தால், பால் அடிப்படையிலான பாகுபாடு என்றே அவர் வழக்குத் தொடுக்கலாம். சேவைகள் தொடர்பான வழக்கைப் பொதுவாக ஆறு மாதத்துக்குள், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுண்டி நீதிமன்றத்திலும், ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றத்திலும் தொடுக்க வேண்டும்.

அப்படியானால் திருநங்கை ஒருவர் எந்தக் கழிவறைக்குச் செல்வது? 1992ஆம் ஆண்டின் பணியிட விதிமுறைகள் ஆண், பெண் கழிவறைகளைத் தனித்தனியாக வைக்கச் சொன்னாலும், உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறையாக ஒவ்வொன்றும் இருந்தால் அந்தப் பிரிவினை வேண்டாம் என்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், இங்கிலாந்தில் புதிதாகக் கட்டப்படும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கான விதியும், தனிப்பால் கழிவறைகளோடு, யாரும் பயன்படுத்தத்தக்க முழு அறைக் கழிவறைக்கு இடம் தருகிறது. தரையிலிருந்து கூரைவரை சுவர், உள்ளேயே கை கழுவும் தொட்டி, ஒரு தாழ்ப்பாள்: அதற்கு முக்கியமாகத் தேவையானவை இவை. பழைய கட்டடத்தில் ஒரு பொருள்வைப்பு அறையைக்கூட இப்படி மாற்றிவிட முடியும் என்பதால், பெண்களின் பலகையைக் காக்க விரும்பும் ஒவ்வொரு நிர்வாகமும் அந்தச் செலவையும் அன்றே ஏற்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பலகையை மாட்டுமுன், சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையத்தின் நடைமுறைக் கோவையில் நடப்பிலுள்ள பதிப்பைப் படித்து, எடுத்த முடிவுக்கான காரணத்தை எழுத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.