ஜோர்டியின் அம்மா ஏன் ‘ஹெர் மதர்’ ஆனார்?

“ஜோர்டி லவ்ஸ் ஹெர் மதர்.” பார்சிலோனாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எந்த ஆசிரியருக்கும் இந்த மாதிரி வரி புதிதல்ல. ஜோர்டி ஆண்பிள்ளை. அவனுக்குத் தன் அம்மாவைப் பிடிக்கும் என்றுதான் மாணவர் எழுத நினைத்தார். ஆங்கிலத்தில் படித்தால் அவன் வேறு யாரோ ஒரு பெண்ணின் அம்மா மீது பாசம் வைத்திருக்கிறான்.

‘ஹிஸ்’ என்றால் அவனுடைய, ‘ஹெர்’ என்றால் அவளுடைய என்பது அந்த மாணவருக்குத் தெரியும். கேட்டால் சரியாகச் சொல்வார். கை மட்டும் வேறு மாதிரி எழுதிவிடுகிறது. காரணம், ஸ்பெயினில் பார்சிலோனா இருக்கும் காட்டலோனியா வட்டாரத்தின் மொழியான காட்டலானின் இலக்கணத்தில் இருக்கிறது. அந்த மொழியில் ‘லா சேவா மாரே’ என்றால் அவனுடைய அம்மா, அவளுடைய அம்மா, அவர்களுடைய அம்மா எல்லாமும்தான். ‘சேவா’ என்ற பெண்பால் வடிவம் வருவது உடையவரைப் பார்த்து அல்ல, உடைமையைப் பார்த்து. அம்மா பெண்பால், ஆகவே சேவா. அப்பா என்றால் ‘எல் செவு பாரே’. ஜோர்டியைப் பற்றி எழுதும் மாணவரின் மனம் அடுத்து வரப்போகும் ‘அம்மா’வை எட்டிப் பார்த்துப் பாலைத் தீர்மானித்துவிட்டது. ஆங்கிலமோ திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. தமிழும் அப்படித்தான், அவனா அவளா என்பது உடையவரைப் பொறுத்தது. அதனால் இந்தத் தடுமாற்றம் நமக்கு விசித்திரமாகப் படும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜோர்டியின் பைக்கோ நாற்காலிக்கோ இந்த அளவு குழப்பம் வருவதில்லை. அம்மா, தங்கை, பாட்டி என்று உறவுக்காரர்கள் வரும்போதுதான் வருகிறது. பைக்கும் நாற்காலிக்கும் காட்டலானில் பால் உண்டு, ஆனால் அது இலக்கணப் பால் மட்டுமே. அம்மா உண்மையிலேயே பெண். அந்த இழுப்பு பலமானது.

ஒரு மொழியின் பழக்கம் இன்னொரு மொழிக்குள் நுழைவதை மொழியியலாளர்கள் ‘கடத்தல்’ என்கிறார்கள். தங்கக் கடத்தலை நினைக்க வேண்டாம், கடத்திக் கொண்டுவருதல் என்ற பொருளில். 1957இல் ராபர்ட் லாடோ என்ற அமெரிக்க அறிஞர் இதை ஒரு கணிப்புக் கருவியாகவே பார்த்தார். இரண்டு மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் மாணவர் எங்கே விழுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், வேறுபாடு உள்ள இடமெல்லாம் குழி என்பது அவர் எண்ணம். பாதி சரி. மீதிப் பாதியைக் குலைத்தது மாணவர்களேதான். வேறுபாடு இருந்தும் சில இடங்களில் அவர்கள் விழவில்லை; ஒத்திருந்த இடங்களில் விழுந்தார்கள்.

முதலில் சரியாகக் கணிக்கக்கூடிய பிழைகள். இருபது வயது என்பதைக் காட்டலானில் ‘எனக்கு இருபது வருடங்கள் உள்ளன’ என்ற அர்த்தத்தில் சொல்வார்கள், அதனால் ‘ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்’ வருகிறது. மழை பெய்கிறது என்பதற்கு ‘ப்ளோவ்’ என்ற ஒரே வினைச்சொல் போதும், எழுவாய் தேவையில்லை. ஆங்கிலத்தில் அர்த்தமே இல்லாத ஓர் ‘இட்’டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டியிருக்கிறது, மாணவர் அதை விட்டுவிட்டு ‘இஸ் ரெய்னிங்’ என்கிறார். ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் எழுத்துக் காட்டலானில் ‘இ ஆ’ தான், ஆகவே ‘தேர் இஸ் மெனி புக்ஸ்’. இவற்றுக்கு மேல் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

காலம் காட்டும் வினைகளில்தான் கதை சூடு பிடிக்கிறது. காட்டலானில் இறந்தகாலத்தைச் சொல்லும் இரண்டு வழிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு நள்ளிரவுக் கோடு உண்டு. இன்று நடந்ததற்கு ‘எ மெஞ்ஜாத்’, அதாவது ஆங்கிலத்தின் ‘ஐ ஹேவ் ஈட்டன்’ போன்ற அமைப்பு. நேற்றோ அதற்கு முன்போ நடந்ததற்கு ‘பாச் மெஞ்ஜா’. ஒரு மணி நேரத்துக்கு முன் நண்பனைப் பார்த்தால் அது இன்றுதானே, முதல் வடிவத்தைத்தான் போட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவர் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் அன் அவர் அகோ’ என்கிறார். ஆங்கிலத்துக்கு இன்றா நேற்றா என்பதில் அக்கறை இல்லை. ‘ஒரு மணி நேரத்துக்கு முன்’ என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சுட்டிவிட்டால் ‘ஹேவ்’ அங்கே நிற்காது. வடிவம் அச்சு அசலாக ஒன்று, கோடு கிழித்த இடம் வேறு. எந்த ஊர் ஆசிரியருக்கும் இந்த வகைப் பிழையைத் திருத்துவதுதான் கடினம், ஏனென்றால் மாணவரிடம் ‘எனக்கு இது தெரியும்’ என்ற உணர்வு இருக்கிறது.

அந்த ‘பாச்’ இருக்கிறதே, அது தனியாக ஒரு ஆச்சரியம். அதன் நேர்ப்பொருள் ‘போகிறேன்’. ‘பாச் கந்தா’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘போகிறேன் பாட’, பொருளோ ‘பாடினேன்’! நாம் ‘பாடப் போகிறேன்’ என்றால் எதிர்காலம். ஆங்கிலத்திலும் எதிர்காலம். அண்டை வீடான ஸ்பானிஷிலும் எதிர்காலம்தான். அங்கே ‘போகிறேன்’ என்பதற்கான சொல் காதில் ‘போய்’ என்றே விழும் என்பது நமக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை. காட்டலான் மட்டும் இறந்தகாலத்துக்குப் போய்விட்டது. இடைக்காலத்துக் கதைசொல்லலில் ‘போகிறான், வெட்டுகிறான்’ என்று விறுவிறுப்புக்காக நிகழ்காலத்தில் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்தப் ‘போகிறான்’ நாளடைவில் அசைவை இழந்து, நடந்து முடிந்ததைக் காட்டும் அடையாளமாக இறுகிப்போனது.

லாடோ சொன்னபடி பார்த்தால் காட்டலான் மாணவர்கள் ‘கோயிங் டு’ அமைப்பில் தலைகீழாக விழுந்திருக்க வேண்டும். அவர்களுடைய வழக்கமான பிழைகளாகச் சொல்லப்படுபவற்றில் இது இல்லை. ஸ்பானிஷும் தெரிந்தவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எரிக் கெல்லர்மன் 1970களின் பிற்பகுதியில் டச்சு மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னொரு வெளிச்சம் தருகிறது. டச்சிலும் ஆங்கிலத்திலும் ‘உடைத்தல்’ என்பதற்கு ஏறக்குறைய ஒரே சொல். ஆனாலும் மாணவர்கள் ‘காலை உடைத்துக்கொண்டான்’ என்பதை ஆங்கிலத்துக்குத் தயங்காமல் கொண்டுபோனார்கள், ‘வேலைநிறுத்தத்தை உடைத்தார்கள்’ போன்றவற்றுக்குத் தயங்கினார்கள். இது எங்கள் மொழிக்கே உரிய குசும்பு, வெளியே செல்லாது என்று அவர்களுக்குள் ஓர் ஊகம் ஓடுகிறது. எதைக் கடத்தலாம், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று மனம் தானாகச் சலித்தெடுக்கிறது. ‘போகிறேன் பாட’ என்பது காட்டலான்காரருக்கே கொஞ்சம் வினோதமாகத் தெரிவதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பது என் ஊகம்.

சரி, ஒலிக்கு வருவோம். இதில் காட்டலான்காரருக்கு ஒரு பரம்பரைச் சொத்து உண்டு. ‘பார்சிலோனா’ என்று நாம் எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர் காட்டலானில் சொல்லும்போது ‘லோ’ மட்டும் முழுதாக ஒலிக்கும், மற்ற உயிர்கள் வாயைச் சரியாகத் திறக்காமல் சொல்லும் ஒரு மங்கிய ‘அ’வாகத் தேய்ந்துவிடும். ஆங்கிலத்தில் ‘பனானா’வின் முதல் அசையிலும் கடைசி அசையிலும் வருவது இதே மங்கிய ஒலிதான். மாட்ரிட்டுக்காரர் மூன்று அசையையும் முழுதாக உச்சரிக்க வேண்டியது என்று நினைக்க, பார்சிலோனாக்காரருக்கு அது வீட்டுச் சாப்பாடு. எல்லாக் காட்டலான்காரருக்கும் அல்ல. யெய்டா பக்கத்திலும் வலென்சியாவிலும் இப்படித் தேய்ப்பதில்லை.

சொத்தோடு கடனும் வருகிறது. காட்டலானில் சொல்லின் கடைசியில் நிற்கும் அதிர்வொலி (தொண்டை அதிரச் சொல்லும் மெய்) அதிர்வை இழந்துவிடும். குளிர்ச்சியான என்ற பெயரடை பெண்பாலில் மென்மையான ‘த’வோடு ஒலிக்கும், ஆண்பாலில் சொல் அங்கேயே முடிவதால் வன்மையாகிவிடும். நம் ‘த’ சொல்லின் நடுவில் மென்மையாவது போன்ற ஒரு தானியங்கிப் பழக்கம் இது. செய்கிறோம் என்பதே தெரியாது. விளைவு, ஆங்கிலத்தில் படுக்கையும் பந்தயமும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. (தமிழ் எழுத்தில் இரண்டையுமே ‘பெட்’ என்றுதான் எழுத முடியும் என்பதால் இதை உதாரணம் காட்டுவதற்குள் எனக்கும் மூச்சு வாங்குகிறது.)

கப்பலுக்கும் ஆட்டுக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று குறில் நெடிலாக நாம் தீர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலம் தாய்மொழியானவர் பெரும்பாலும் கவனிப்பது நீளத்தை அல்ல, நாக்கு நிற்கும் இடத்தால் மாறும் ஒலியின் நிறத்தை. காட்டலானில் ஒரே ஒரு ‘இ’ தான், குறில் நெடில் பேதமும் கிடையாது. அப்படியும் காட்டலான் மாணவர்கள் இந்த இணையைப் பிரிக்க நீளத்தையே பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டின. தாய்மொழியில் இல்லாத ஓர் அளவுகோல் எங்கிருந்து வந்தது? நிறத்தைப் பிரிக்க முடியாத காதுக்கு நீளம் சுலபமாக அகப்படுகிறது என்பது ஒரு விளக்கம். ஜேம்ஸ் ஃப்ளெகே 1995இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு உதவும். அறவே புதிய ஒலிக்கு மூளை புது அறை கட்டும். ஏற்கெனவே உள்ள ஒலிக்கு நெருக்கமாக வந்தால் பழைய அறையிலேயே தள்ளிவிடும்.

அந்தப் பழைய அறைகள் எவ்வளவு சீக்கிரம் கட்டி முடிக்கப்படுகின்றன என்பதற்கு பார்சிலோனாவே ஆய்வுக்கூடமானது. காட்டலானில் விரிந்த ‘எ’, குறுகிய ‘எ’ என இரண்டு உண்டு, ஸ்பானிஷில் ஒன்றுதான். அந்த ஊரிலேயே வளர்ந்து, சிறுவயதிலிருந்தே இரு மொழியும் பேசுபவர்களை கிறிஸ்தோஃப் பலியே, லாரா போஷ், நூரியா செபாஸ்டியான் ஆகியோர் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் முதலில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்தவர்களால் இரண்டு ‘எ’வையும் காதால் பிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்டும் அப்படி. வாரத்துக்குச் சில மணி நேரம் ஆங்கிலம் கேட்கும் பிள்ளையைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சொற்களில் நிலைமை தலைகீழ். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் கொட்டின. லத்தீனின் பிள்ளையான காட்டலானைப் பேசுபவருக்கு ‘லிபர்ட்டி’, ‘யுனிவர்சிட்டி’, ‘குவாலிட்டி’ எல்லாம் சொந்தக்காரர்கள்; ‘தாத்’ என்று முடிவதை ‘ட்டி’ என்று மாற்றினால் பாதி அகராதி கைக்கு வந்துவிடும். இந்தச் சொந்தம் மூளையிலும் வேலை செய்கிறது. ஆல்பர்ட் கோஸ்டாவும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், காட்டலான்–ஸ்பானிஷ் இருமொழியாளர்கள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். பூனை இரண்டிலும் ஒலி ஒத்த சொல், மேசை இரண்டிலும் வேறு வேறு. ஒத்த சொற்கள் வேகமாக வந்தன. ஒரு மொழியில் பேசும்போது மற்ற மொழி தூங்குவதில்லை, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

தள்ளும் கை சில நேரம் தவறான பக்கம் தள்ளும். ‘பேரன்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதும் அதே ஏழு எழுத்துகள் காட்டலானில் உறவினர்கள் எல்லோரையும் குறிக்கும். ‘எக்ஸிட்’ என்றால் அங்கே வெற்றி. ஜலதோஷம் பிடித்த மாணவர் தன் மொழியில் ‘கொன்ஸ்திபாத்’. அதையே ஆங்கிலமாக்கி லண்டன் மருந்துக்கடையில் சொன்னால் மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்பார்கள். இவையாவது சிரிப்போடு போய்விடும். பொறுத்துக்கொள்வதற்கு லத்தீன் வழி வந்த ‘டாலரேட்’ சட்டென்று வருகிற வாய்க்கு அதே பொருளுள்ள ‘புட் அப் வித்’ வராது. தீயை அணைக்க ‘எக்ஸ்டிங்க்விஷ்’ தெரியும், ‘புட் அவுட்’ தெரியாது. சமையலறையில் நின்றுகொண்டு நீதிமன்ற ஆங்கிலம் பேசுவது போல இருக்கும்.

அப்படியானால் சின்ன வயதிலேயே தொடங்கினால் போதுமா? 1990இல் வந்த ஸ்பெயின் கல்விச் சட்டம் அந்நிய மொழி தொடங்கும் வயதை 11இலிருந்து 8க்கு இறக்கியது. பழைய முறையில் படித்தவர்களும் புதிய முறையில் படித்தவர்களும் ஒரே சமயத்தில் பள்ளிகளில் இருந்தார்கள். பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் கார்மென் முன்யோஸ் குழு இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு, 200, 416, 726 மணி நேர வகுப்புகளுக்குப் பிறகு இரு தரப்பையும் ஒப்பிட்டது. ஒரே அளவு மணி நேரத்தில் பொதுவாக முன்னே நின்றவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்கள். கேட்டே பிடித்துக்கொள்ளும் குழந்தைத் திறமைக்கு வெள்ளம்போல் மொழி வேண்டும். பள்ளிக்கூடம் தருவது சொட்டுநீர். சொட்டுநீரில் விதியைப் புரிந்து பிடித்துக்கொள்ளும் பெரிய பிள்ளைக்கே லாபம்.

ஜோர்டியின் அம்மாவையும் விதி சொல்லித்தான் மீட்கிறார்கள். கனடாவின் க்யூபெக்கில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகளுக்கும் இதே ‘ஹிஸ்’, ‘ஹெர்’ தொல்லைதான். அங்கேயும் காட்டலோனியாவிலும் வகுப்பறைகளில் இதை எடுத்துச் சோதித்தபோது மாணவர்களுக்குப் பழக்கிய உத்தி மிகச் சிறியது. எழுதும் முன் ‘யாருடைய அம்மா?’ என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டதும் கண் அடுத்த சொல்லை விட்டுவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் ஜோர்டியிடம் திரும்புகிறது.