மைக்கைப் பொத்திப் பிடித்தால் குரல் ஏன் கெடுகிறது?

மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடுவது பார்க்க எடுப்பாக இருக்கலாம். குரலுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

மேடை மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்க ஒலியை நன்றாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் வாங்குகின்றன. காற்றுக்கு விடப்பட்ட வழிகள்தான் இதற்குக் காரணம். உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் முன்புறத்தை ஒலி நேரடியாகத் தொடும். பின்புறத்தைச் சிறு துளைகள் வழியே சற்றுச் சுற்றிச் சென்று அடையும். பின்னாலிருந்து வரும் ஒலி சவ்வின் இருபுறத்தையும் ஒரே நேரத்தில் அழுத்துகிறது. சவ்வு ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுகிறது. முன்னாலிருந்து வரும் ஒலி இருபுறத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. அதனால் சவ்வு அதிர்கிறது.

கை அந்தத் துளைகளை அடைத்ததும் ஏற்பாடு முழுவதும் குலைகிறது. எல்லாத் திசை ஒலியும் உள்ளே வருகிறது. பாடகருக்கு எதிரே வைத்த ஒலிபெருக்கியின் ஓசை மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி ஒலிபெருக்கிக்கே போய், 'கீ' என்ற கூச்சலாகக் கிளம்புகிறது. பழி ஒலியமைப்பாளர் மேல் விழுகிறது. இது அநியாயம்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரட்டிப்பானால் ஒலியளவு சுமார் 6 டெசிபல் குறையும். 3 செ.மீ.யில் பாடுபவர் தலையை 3 செ.மீ. பின்னுக்கு இழுத்தாலே இவ்வளவு சரிவு! அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டினால் அரங்கின் எதிரொலியும் சேர்ந்து கூடும். மிக நெருங்கினாலோ இவ்வகை மைக்குகளில் அடித்தொனி பருத்து, சொற்கள் மழுங்கிப்போகும். பேசுபவருக்கு 5 முதல் 10 செ.மீ. பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. உச்சத்தில் பாடும்போது மட்டும் சற்று விலகலாம்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னே பிடித்து 'அண்ணா' என்றும் 'அப்பா' என்றும் சொல்லிப் பாருங்கள். 'ப்பா'வில் ஒரு காற்றுவீச்சு கையில் படும். அதுதான் மைக்கில் 'தொம்' என்று இடிக்கிறது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், வாயோரமாக வைத்து உதடுகளை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் காற்று விலகிப்போகும். குரல் மட்டும் வந்து சேரும்.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதவே கூடாது. ரிப்பன் வகை மைக்குகளில் சவ்வுக்குப் பதிலாக மிக மெல்லிய உலோக நாடா இருக்கிறது. பலமாக ஊதினால் அது நீண்டு பாழாகிவிடும். மேடையில் எந்தக் குரலில் பேசப்போகிறீர்களோ, அதே குரலில் இரண்டு வாக்கியம் பேசிப் பார்த்தால் போதும்.